நாற்பத்தாறு பைசா

மூன்று மணிக்குக் கூட வேண்டிய நெல்லிக்குப்பம் நகர்மன்றம்
ஆலைச் சங்கு ஊதிய பிறகு கூடியது.
ஜன்னலைச் சாத்தினாலும்
கரும்புக் கழிவின் புளித்த இனிப்பு
உள்ளே வந்து ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளும்.
வருகைப் பதிவேட்டில் அதற்குக் கையெழுத்து இல்லை.

பொருள் எண் பதினேழு என்னுடையது:
தினக்கூலிப் பணியாளர் அறுபத்து மூன்று பேருக்கு
ஊதியம் திருத்தி அமைத்தல்.
மூன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு.
விலைவாசிப் புள்ளி, பழைய நிலுவை, பொதுநிதி இருப்பு
(இருப்பு என்பது பெயர்தான்)
கூட்டிக் கழித்து வகுத்ததில்
நாளொன்றுக்குப் பதினான்கு ரூபாய் நாற்பத்தாறு பைசா.

"பதினாலா?" என்றார் எட்டாவது வார்டு.
"பதினாலு நாற்பத்தாறு."
"அந்தப் பைசாவ எந்தக் கடைல வாங்குவான் மேடம்?"
சிரிப்பு.
மின்விசிறியும் சேர்ந்து கடகடத்தது.

ஜெய்னுலாபுதீன் மட்டும் சிரிக்கவில்லை.
"இருபதாக்குங்க" என்றார்.
"பணம்?" என்றார் தலைவர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
நான்தான் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பதுபோல.

எனக்கு அகவிலைப்படி
யாரும் கை தூக்காமல் வரும்.
ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று,
அரசாணை வரக் கொஞ்சம் பிந்தும், ஆனால் வந்துவிடும்.
என் வீட்டுப் புளி விலை ஏறியதைச்
சென்னையே கண்டுபிடித்து எனக்குச் சொல்கிறது.
தனபாக்கியத்தின் புளிக்கு
முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும்.
இருவரும் வாங்குவது
ஒரே சபுரா ஸ்டோர்ஸில்.

ஆணையர் விதியைப் படித்தார்:
ஐம்பது பைசாவுக்குக் குறைந்தால் விட்டுவிடலாம்,
ஐம்பதும் அதற்கு மேலும் முழு ரூபாய்.
பதினான்கு நின்றது.
ஜெய்னுலாபுதீனின் கை மேசைக்கு மேலே
பாதி உயரத்தில் இருந்தது.
தீர்மானப் புத்தகத்தில் பாதிக் கைக்குப் பத்தி இல்லை.
ஏகமனதாக என்று எழுதினேன்.

இரவு, பையனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில்
போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தாறு பைசா, இருபத்தாறு நாள்:
பதினொன்று தொண்ணூற்றாறு.
ஒரு டீக்கு நாலு பைசா குறைவு.
அறுபத்து மூன்று பேருக்கும் சேர்த்தால்
எழுநூற்று ஐம்பத்து மூன்று சொச்சம்.
அன்றைய கூட்டத்துக்கு டீ, போண்டா, தண்ணீர் பாட்டில்
எழுநூற்று எண்பது. அந்தச் சீட்டிலும் நான்தான் ஒப்பமிட்டேன்.

இதோடு முடித்துக்கொண்டு தூங்கியிருக்கலாம்.

ஆனால் நான் எடுத்தது நவம்பர்ப் புள்ளி.
டிசம்பர்ப் புள்ளி வந்த கடிதம்
ஒரு வாரமாக என் மேசையில்,
பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது.
போட்ட கணக்கை யார் மறுபடி போடுவது என்று
பிரிக்காமல் வைத்திருந்தேன்.
இப்போது போட்டேன்.
பதினான்கு ஐம்பத்து மூன்று.
விதிப்படி பதினைந்து.

விடியும் முன்பே தெருமுனையில் துடைப்பச் சத்தம்.
பால் வாங்கப் போன என்னிடம்
தனபாக்கியம் நிமிராமலே கேட்டாள்:
"எவ்ளோ மேடம் போட்டாங்க?"
"பதினாலு."
"போன வாட்டி ஒம்போதுதான்" என்றாள்.
குப்பையை முறத்தில் ஏற்றினாள்.
அவளுக்கு அது நல்ல சேதி.
அங்கேயே சொல்லியிருக்கலாம். பால் கவரைக்
கை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் யாரும் இல்லை,
ஆலை வாசத்தைத் தவிர.
திருத்தக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.
எழுத்துப் பிழை என்று போடலாம்,
யாருக்கும் நோகாது, கோப்பு வழுக்கிக்கொண்டு போகும்.
அலுவலகப் பிழை என்றால் கொஞ்சம் விளக்கம் கேட்பார்கள்.
பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம்.

என் பிழை என்று எழுதினேன்.
முன்தேதியிட்டு என்று சேர்த்தேன்.
பொருள் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.
வால்வு திறக்கப் போகிற அஞ்சாபுலி
வாசலில் சைக்கிளை நிறுத்தி
"என்னா மேடம், இன்னிக்கி சீக்கிரம்?" என்கிறான்.
அடுத்த கூட்டத்துக்கு
இன்னும் தேதி குறிக்கவில்லை.