மேலிருந்து கீழே

டிக்கோயா பஸ் ஏழரைக்கே ஹட்டனில் இறக்கிவிட்டது.
எதிர்க்கடைப் பலகை தெரியாத பனி.
பேக்கரிக்கு மேல்மாடி, படியெல்லாம் பாண் வாசனை.
பதினொரு பேருக்கு ஆறு பெட்டிகள்,
ஏதோ ஒரு வங்கி கழித்துவிட்ட பயர்வோல்கள்.
ஒன்றுக்கு மூடியில்லை. உள்ளே காற்றாடி
இழுப்பு வந்தவனைப்போல் இழுத்தது.

பஸ்மினா மிஸ் என்னைவிட ஒரு வயது இளையவர்.
"வருகிற ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி.
எங்கிருந்து, எங்கே, எந்தக் கதவால்.
விதிகளை மேலிருந்து கீழே வாசிக்கும்,
முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும்.
ஒன்றுமே பொருந்தாவிட்டால்
அடியில் எழுதாமலே ஒரு வரி இருக்கிறது: மறு."

எழுதாமலே இருக்கிற வரி
எங்களுக்கென்ன புதுசா என்று
பின்வரிசையில் கோகிலதாசன் முணுமுணுத்தான்.
நாலு பேர் சிரித்தோம்.
ஏனென்று விளங்காமல் இசுருவும் சிரித்தான்.

கேபிளைச் செருகியதும் திரையில் என் முகவரி விழுந்தது.
நான்கு எண், மூன்று புள்ளி, முடிவில் பதினான்கு.
இரண்டு தடவை வாசித்தேன்.
எங்கள் லயத்துக் காம்பராவுக்கு இலக்கமில்லை.
கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும்,
கிளாக்கர் மேசையில் கிடக்கும்,
நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் என் கைக்கு வரும்.
இங்கே பதினான்கு என்றால் நான்தான், வேறு யாருமில்லை.
"அது வாடகைக்கு," என்றார் மிஸ், "எட்டு மணித்தியாலம்."

மூன்று மணிபோல் அந்த வரியை நானே எழுதினேன்.
எல்லாவற்றையும் மறு.
அடியில் வைக்கவேண்டியதை உச்சியில் வைத்து
எண்டர் தட்டினேன்.
என் திரை உறைந்தது. இசுருவின் திரை உறைந்தது.
கீழே பேக்கரியின் கார்ட் மெஷினும் உறைந்தது என்பது
முதலாளி மாவுக்கையோடு படியேறி வந்தபோதுதான் தெரிந்தது.
கேபிளொன்றை யாரோ மாற்றிச் செருகியிருந்தார்கள்.
"கேக் வாங்கின நோனா நிக்கிறாங்க, மெஷின் வேலையில்ல!"

மிஸ் ஏசவில்லை.
"தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளாமல்
இதை ஒருவரும் படித்ததில்லை."
ஹிஜாபிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றித் தந்தார்.
"பின்னால் சின்னத் துளை. பத்து எண்ணும்வரை அழுத்து."
நான் பதினைந்து எண்ணினேன்.
பெட்டி எல்லாவற்றையும் மறந்தது,
காலையிலிருந்து எழுதிய பதினேழு வரிகளையும்
பதினான்கையும்.

ஞாயிறு மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
இன்று நான் இருபத்தொன்று.
முதல் வரியில் என்னை அனுமதித்தேன்,
சுயநலமில்லை, மிஸ் அப்படித்தான் சொன்னார்.
பிறகு பெயர் தேடும் கதவு, ஐம்பத்து மூன்று.
இசுரு கெஞ்சியதால் பேக்கரிக்கென்று தனியாக ஒன்று.
கடைசியில், கடைசியில் மட்டும், அது.

நாலு மணிக்கு லொக்கைத் திறந்தோம்.
இருபத்திரண்டாம் கதவில் யாரோ.
மூன்று செக்கனுக்கு ஒரு தட்டு.
மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.
எந்த நாட்டிலோ ஆளில்லாத அறையொன்றிலிருந்து
ஹட்டனில் ஒரு பேக்கரி மாடிவரை வந்து
மறுக்கப்பட்டது.
கோகிலதாசன் இப்போது முணுமுணுக்கவில்லை.
மறுக்கிற பக்கத்தில் நிற்பது எப்படியிருக்குமென்று
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.
நன்றாக இருந்தது.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

முதலாளி பதினொரு மீன் பணிஸ் அனுப்பினார், சூடாக.
மிஸ் ஒரு தாளை நீட்டினார்.
சான்றிதழ் தபாலில் வரும், முகவரியை எழுதுங்கள்.
கோகிலதாசன் நுவரெலியா அத்தை வீட்டை எழுதினான்.
வீட்டிலக்கம் என்ற கட்டத்தில்
சனிக்கிழமைப் பதினான்கை எழுதினேன்,
வெட்டினேன்.
"அடுத்த கிழமை வந்து கையிலேயே வாங்கிக்கிறேன் மிஸ்."
கட்டத்தில் என் பெருவிரல் எண்ணெய் மட்டும்
காயாமல் இருந்தது.