இரண்டு தசம் ஒன்று

தலவாக்கலையில், மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
கறுப்புத் திரையில் கேட்டேன்: நீ எந்த வெர்ஷன்?
2.1 என்றது.
அவ்வளவுதான்.
யாரென்று கேட்டால்
வயசை மட்டும் சொல்லிவிட்டு
பஸ் ஏறிப் போகிறவன் போல.

நான் எழுதிய கருவிதான். வேலை பெரிதில்லை.
தராசு சொல்லும் எடையில்
சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து
மிச்சத்தைத் துண்டில் அடிக்கும்.
பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப் பேர்.
வராவிட்டால் அரைப் பேர்.

வியாழன் பின்னேரம் ஞானசெல்வி கோல் எடுத்தாள்.
"ஒரே மலை மிஸ், பக்கத்து பக்கத்து நெரை.
பாக்கியமேரி மேல் மடுவத்துல நிறுத்தா, நான் கீழ.
அவளுக்கு முழுப் பேரு, எனக்கு அரை.
ரெண்டு மெசினும் ஒன்னுதான்னு சொன்னீங்களே?"

ஒன்றேதான் என்றேன்.
இரண்டு மடுவத்திலும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.
மேல் மடுவம்: 2.1
கீழ் மடுவம்: 2.1
பார், நம்பர் பொய் சொல்லாது.
"பொய் சொல்லல மிஸ்.
பாதியில நிப்பாட்டிக்கிது."

இரவெல்லாம் மழை. கரண்ட் இரண்டு தரம் போனது.
நான் அந்த ஒரு வரியை நீட்டிக்கொண்டிருந்தேன்:
எந்தப் பதிவிலிருந்து கட்டினார்கள்,
எந்த நாள், எந்த மெசினில்,
பதியாமல் விட்ட கைத்திருத்தம் ஏதும் உண்டா.
கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒரு சொல் தேவைப்பட்டது.
'மாற்றப்பட்டது' கடிதத்தில் வருகிற மாதிரி இருந்தது.
'பிழை' என்றால் அநியாயம்.
'கலங்கல்' என்று வைத்தேன்,
மழைக்கு மறுநாள் பீலித்தண்ணீர் வருமே, அப்படி.

பழையது இனி வாய் திறக்காது.
விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்
அங்கங்கே கிடந்த மூலத்திலேயே
புது வரியைச் சேர்த்துக் கட்டினேன்.

மேல் மடுவம்:
2.1, பதிவு 7041, வெள்ளி காலை, சுத்தம்.
கீழ் மடுவம்:
2.1, பதிவு 7041, வெள்ளி காலை, கலங்கல்.

யார் கை வைத்தது என்று
அதட்டத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் திரை வித்தியாசத்தைக் காட்டிவிட்டது, ஒரே வரி:
சாக்குக் கழிவு
ஒன்றுக்குப் பதில் இரண்டு.

ஓகஸ்ட். கொழுந்து சொட்டச் சொட்ட வந்த நாள்.
சின்னத்துரை என் தோளுக்குப் பின்னால் நின்று
"இன்றைக்கு மட்டும்" என்றார்.
தட்டியது இந்த விரல்.
பதிய மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்பதும் கலங்கல்தான்.
பதிந்தால் பக்கத்தில் என் பெயர் விழும்,
அது தெரியும்.

மத்தியானம் 2.2 ஓடியது.
துண்டின் அடியில் இப்போது முழு வரியும் வரும்.
ஞானசெல்வி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"சுத்தமுன்னு போட்டிருக்கு.
சரி மிஸ், அந்த ஆறு மாசம்?"

கழிக்காத எடைகள் எல்லாம் கோப்பில் கிடந்தன.
சாக்குக் கட்டின்மேல் லேப்டாப்பை வைத்து
முதலிலிருந்து தொடங்கினேன்.
ஓகஸ்ட் பதினான்கு.
ஞானசெல்வி. பதினேழு தசம் ஆறு.
கூட்டு ஒன்று.
முழுப் பேர்.