இரண்டு காலாலும்

பிறேக் பிடிக்கவில்லை என்றுதான்
பொலிஸில் எழுதிக் கொடுத்தேன்.
திருநெல்வேலிச் சந்தையில்
என் அக்குவா போய் நின்றது
கத்தரிக்காய்க் குவியலுக்குள்.
குவியலுக்கு முன்னால் ஒரு சைக்கிள்.
சைக்கிளில் ஒரு மனிதர்.

"கரண்டில ஓடுற கார் அப்பிடித்தான் அக்கா,
தன்பாட்டில வெளிக்கிடும்"
என்றாள் பார்மசியில் என்னோடு நிற்கும் கொன்சி.
அவளுடைய மச்சானின் வெசெல் ஒருநாள்
மானிப்பாயில் மதில் தேடிப் போனதாம்.
இன்சூரன்ஸ்காரர் மட்டும்
பேனையைத் திறந்து மூடித் திறந்து
"மிதிச்சது எதை, மிஸிஸ்?" என்றார்.
எனக்கு வந்த கோபம்.

எமில்டனுக்கு நாவற்குழியில் கராச்.
ஜப்பான் கார்களின் வயிற்றை
மடிக்கணினியில் வாசிப்பான்.
"அக்சிலேற்றருக்கும் இஞ்சினுக்கும் நடுவில
இதில கம்பி கிடையாது.
நீங்கள் மிதிக்கிறது ஒரு விண்ணப்பம்.
கையெழுத்து வைக்கிறது கொம்பியூட்டர்.
ரெண்டு விண்ணப்பம் ஒண்டா வந்தால்
பிறேக்கின்ரயைத்தான் எடுக்கும்."
"ஆர் சொன்னது?"
"வாங்கோ, காரிட்டையே கேப்பம்."

ஞாயிறு விடியப் பண்ணைப் பாலம்.
இரண்டு பக்கமும் கடல், சிறகுவலைக் கம்புகள்,
கம்புக்கொன்றாய்க் கொக்கு.
சோளகம் காரைப் பக்கவாட்டில் தள்ளியது.
திறப்பைப் போட்டதும் வழக்கம்போல
அந்த ஜப்பான்காரி ஏதோ சொன்னாள்.
ஏழு வருசமாய்ச் சொல்கிறாள்.
"ஏதோ காட் போடேல்லையாம்" என்றான் எமில்டன்.
அவ்வளவுதானா!

தான் ஓட்டுகிறேன் என்றான். நான் விடவில்லை.

ஐம்பதில் போகும்போது
வலக்காலை எடுக்காமல்
இடக்காலால் பிறேக்கை மிதித்தேன்.
ஒன்றையும் மிதித்துப் பழகாத கால் அது.
பிடரி முன்னுக்கு வந்தது.
கார் ஒரு கணம் யோசித்தது.
பிறகு இஞ்சின் வாயை மூடிக்கொண்டது.
திரையில் அம்புக்குறி திரும்பி
சில்லில் இருந்து பற்றறிக்குப் போனது.
வலக்கால் அடிமட்டும் அழுத்தியபடி இருக்க
கார் நின்றது.
ஊர்காவற்றுறை பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது.

திரும்ப ஒருக்கால்.
திரும்பவும்.
முதலில் பிறேக், பிறகு மற்றது என்று
மாற்றி மிதித்தபோது கொஞ்சம் முனகியது.
"அது மேட்டில ஏத்துறதுக்கு விட்டு வைச்சிருக்கிறாங்கள்.
எண்டாலும் பாருங்கோ, பிறேக்தான் பலம்."
காலடி மெத்தையைத் தூக்கிப் பார்த்தான்.
கொளுவி கொளுவினபடியே இருந்தது.

"அப்ப அண்டைக்கு..." என்று தொடங்கியவன்
இறங்கிப் போய்
ரயரில் இல்லாத ஆணியைத் தேடினான்.

அன்றைக்கு.
கார் பாய்ந்தது. நிற்கவில்லை என்று
இன்னும் மிதித்தேன்.
இன்னும் பாய்ந்தது. இன்னும் மிதித்தேன்.
ஒரே விண்ணப்பத்தைத்தான்
திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன்.
அது ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்திருக்கிறது.

எழுதினதை மாற்ற
வேறொரு புத்தகம் வரவேண்டும் என்றது பொலிஸ்.
புதன்கிழமை வரட்டாம்.
அதற்கிடையில் கோண்டாவில் போனேன்.
வேலும்மயிலும், வயது ஐம்பத்தெட்டு,
வலக்கை மாவுக்கட்டில்.
'பாவம், அந்தப் பிள்ளையில பிழையில்லை' என்று
இடக்கையால் எனக்காக ஒப்பம் வைத்தவர்.

சொன்னேன்.
கால் மாறினதைச் சொன்னேன்.
பாலத்தையும், மூன்று தரம் நின்றதையும்.

அவர் கனநேரம் காரையே பார்த்தார்.
"அப்ப பிறேக் நல்லாத்தான் இருக்கு?"
"ஓம்."
"இண்டைக்கு எனக்குக் கிளினிக்.
ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்கோ."

பின்சீற்றில் ஏறி
முன்சீற்றின் கழுத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.
ஜப்பான்காரி சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.
"என்னவாம்?" என்று கேட்டார்.
நான் குனிந்து
என் வலக்கால் எங்கே இருக்கிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.