விருந்தாளி

முதுநகர்த் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் ஐஸ் பேக்டரி.
ஆபீஸ் மேசையில் போன வருடம் வாங்கிய கணினி.
அதன் திரையில் ஒரு சின்னச் சன்னல்,
எண்ணூறுக்கு அறுநூறு.
சன்னலுக்குள் இன்னொரு கணினி
வாடகை தராமல் குடியிருக்கிறது.

கம்ப்ரசரின் அளவுகளைப் படிக்கிற நிரலை
எழுதிக் கொடுத்துவிட்டு எட்வின் மஸ்கட் போய்விட்டார்.
பழைய லினக்ஸில்தான் அது வாய் திறக்கும்.
பழைய லினக்ஸ் ஓடிய பெட்டியையோ
உப்புக்காற்று தின்றுவிட்டது.
அதனால் இல்லாத பெட்டியை இருப்பதாகச் சொல்லி
ஏமாற்றி வைத்திருக்கிறேன்.
இந்தா உன் ஹார்ட் டிஸ்க் என்றேன்,
அது ஒரே ஒரு கோப்பு.
இந்தா இருநூற்றைம்பத்தாறு எம்பி நினைவு என்றேன்,
போதும் என்றது.
இந்தக் காலத்தில் போதும் என்று சொன்ன
ஒரே மென்பொருள் அதுதான்.

இணையம் மட்டும் கொடுக்கவில்லை.
வெளியே விட்டால்
முதல் தெருமுனையிலேயே பையை அறுத்துவிடுவார்கள்.

விருந்து என்றால் புதிது என்று பொருளாம்.
இதுவோ நான் வேலைக்குச் சேரும் முன்பே பழசு.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்,
இதற்கு இது ஏழாவது வருடம்.
சன்னலுக்குள் போன மவுஸ் அம்பு தானாக வெளியே வராது.
வலது கண்ட்ரோல் விசையை அழுத்தினால்தான்
என் கை எனக்குத் திரும்பும்.

இன்னொரு சிக்கல்.
மீட்டர் கம்பெனி கொடுத்த உரிமம்
இரண்டாயிரத்துப் பதினொன்று
டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது.
புதுப்பிக்கக் கம்பெனியே இல்லை.
ஆகவே நேர ஒத்திசைவை அணைத்தேன்.
உள்ளே எப்போதும் அதே வருடம்.
அதன் டிசம்பர் இருபத்தொன்பது வந்ததும்
ஸ்னாப்ஷாட்டைத் திருப்புவேன்,
உடனே ஜனவரி ஒன்று.
உரிமம் இருக்கிறதே,
இரண்டு நாளை ஏன் வீணாக்குகிறாய் என்று
ஆபரேட்டர் தணிகாசலம் ஒருமுறையும் கேட்டதில்லை.
அவரும் கடலூர்க்காரர்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம்.
படகெல்லாம் கரையில்,
ஐஸுக்கு ஆளில்லை,
இரண்டு கம்ப்ரசரில் ஒன்றுதான் ஓடியது.
கத்திரி வெயில். நானும் மறந்துவிட்டேன்.
காலையில் வந்து பார்த்தால்
சன்னலுக்குள் டிசம்பர் முப்பது.

நான்கு மணி. உப்புநீர் மைனஸ் ஒன்பது.
ஐந்து மணி. மைனஸ் ஒன்பது.
ஆறு மணி. மைனஸ் எட்டரை. மின்னழுத்தம் சீர்.
ஏழு மணி. மைனஸ் ஒன்பது.

தானே புயல் வந்த அந்த ஆறு மணிக்கு
எங்கள் தெருவில் கூரைத் தகரங்கள்
சீட்டுக்கட்டு போலக் கலைந்துகொண்டிருந்தன.
நான் கட்டிலுக்கடியில்,
தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு.
மின்சாரம் வர எத்தனை நாளானது என்பதில்
வீட்டில் இன்றும் சண்டை உண்டு.
இதற்கு மட்டும் எதுவும் தெரியாது.
எட்டு மணி. அலாரம் எதுவும் இல்லை.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
தேதியைப் பார்த்தார். கண்ணாடி போட்டு
மறுபடி பார்த்தார்.
"காத்து?"
"இல்லண்ணே."
"மரம்?"
"அதுல மரமெல்லாம் கிடையாதுண்ணே,
ஐஸ்தான்."
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு, "உறையுதுல்ல? அது போதும்" என்று
டீ சொல்லப் போய்விட்டார்.

திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.
இரவு வரை ஓடவிட்டேன்.
இலை அசையாத ஒரு டிசம்பர் முப்பதை
இருபத்து நான்கு வரிகளில்
செல்போனில் படம் பிடித்தேன்.
அம்மாவுக்கு அனுப்ப எடுத்துவிட்டு
அனுப்பாமல் வைத்தேன்.

மறுநாள் நள்ளிரவு உரிமம் செத்தது.
பதிவு நின்றது. ஸ்னாப்ஷாட்டைத் திருப்பினேன்.
ஜனவரி ஒன்று.
கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு துடிக்கிறது,
கடவுச்சொல் கேட்டு.
அதற்கு நான் இன்னும் எட்வின்தான்.