ஆயிரத்து நானூறு

நாரின் மருத்துவமனை. இரவு ஒன்றரை. வெளியே மைனஸ் இருபத்தாறு.
சின்னச் சொற்கள் எல்லாம் போகின்றன:
இருக்கிறீர்களா டாக்டர்?
இருக்கிறேன்.
படம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.
குதிரையிலிருந்து விழுந்த பையனின் இடுப்பெலும்பு
பிஷ்கேக் போகும் வழியில் எங்கோ
ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் தொலைகிறது.

பெகாயிம் தேநீரை ஆறவிட்டுத் தட்டுகிறாள்.
உடையாமல் போய் வா என்று ஒரு பொட்டலம்:
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு.
சத்தமில்லை.
ஆயிரத்து நானூறு.
சத்தமில்லை.
ஆயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டு.
உடனே பதில்,
இதுவரை யாரும் கூப்பிடவே இல்லை என்பதுபோல.
தலைச்சுமை இருபத்தெட்டு. விரல்விட்டுக் கூட்டினாள்.

நடுவில் ஒரு சுரங்கம், கூரை தாழ்ந்தது.
உயரம் எழுதிய பலகையைப்
பாதுகாப்பு என்று யாரோ கழற்றிவிட்டார்கள்.
லாரி முட்டி நிற்பதைத்
திரும்பி வந்து சொல்ல ஆளில்லை.

போன வாரமே கையால் குறைத்திருந்தாள்.
ஆறு மணி நேரம் தாங்கியது.
குத்தகை புதுப்பிக்க வந்த சர்வர்
ஆயிரத்து ஐந்நூறு என்று
வாய்கொள்ளாத கவளத்தை மறுபடி திணித்துவிட்டுப் போனது.

இன்று, வாங்குகிறவன் கோப்பிலேயே ஒரு வரி.
முகவரி நீ சொல்வது.
வாசல் நீ சொல்வது.
அளவு நான் சொல்வது.
கடைசியில் அரைப்புள்ளி
(அதை மறந்துதான் முதல் தடவை தோற்றாள்).

படம் நகர்ந்தது. எழுபது சதவீதம். தொண்ணூறு.
பையன் தூக்கத்தில் முனகினான்.

அசைக்காதீர்கள். விரிசல்தான். காலையில் வருகிறேன்.

நாலே சொல்.
நேற்றைய வழியிலும் இவை வந்திருக்கும்,
சொல்வதற்கு அவருக்கு ஏதாவது தெரிந்திருந்தால்.