குருணைக் கணக்கு

ஐம்பது கிலோ கம்பெனித் தீவனம்
ஆயிரத்து எழுநூற்று இருபது என்றான்
முக்கூடல் கடைக்காரன்.
சித்திரையில் ஆயிரத்து ஐநூறு.
"முட்டை வெலையும் ஏறியிருக்குல்லா" என்று
பாதி கேலியாகப் பேனாவைக் காதில் செருகினான்.
என் முட்டை பன்னிரண்டு ரூபாய்.
அதையும் கடன் சொல்லித்தான் வாங்குகிறாள்
எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம்.

மூட்டையைத் தொடாமல் திரும்பிவிட்டேன்.
வீட்டில் பதினோரு அலகு.
அதில் ஒன்று சேவல்,
முட்டை இடாது, முதல் ஆளாகத் தின்னும்.

ஒரு கோழிக்கு நாளைக்கு நூற்றுப்பத்து கிராம்
என்று சொன்னாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா.
பீடிக் கம்பெனி பாஸ்புத்தகத்தின் பின்அட்டையில்
பெருக்கிப் பார்த்தேன், ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய.
எழுநூறு கிராம் இலைக்கு ஆயிரம் பீடி கேட்கிறவன்
எனக்கு நிறுத்துப் போடும் இலையில்
அந்தக் 'கொஞ்சம் குறைய' தினமும் உண்டு.
கோழிக்கு அப்படிச் செய்தால்
மறுநாளே கூடு காலி.

சேரன்மாதேவி ரைஸ்மில்லில்
குருணை இருபத்திரண்டு, பொடிக்குருணை பத்தொன்பது.
பொடியில் கல் கிடக்கும் என்றார்கள்.
கிடக்கட்டும்,
பல் இல்லாத ஜீவனுக்கு வயிற்றுக்குள் அம்மி வேண்டாமா?
தவிடு பதினாறு.
உமி ஒரு பொட்டு இல்லை என்று
உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார் மேஸ்திரி பொன்னுலிங்கம்.
ஊதினேன்.
பாதி அவர் சட்டையில் போய் ஒட்டியது.
பதினான்குக்குத் தந்தார்.

பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது,
பெண்களுக்கு இலவசம்.
மூட்டைக்கு லக்கேஜ் கேட்டார் கண்டக்டர்.
"இதுவும் பொம்பளதான்" என்றேன்.
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே பதினைந்து ரூபாய் கிழித்தார்.
அதையும் கிலோவுக்கு வகுத்து
பின்அட்டையில் ஏற்றினேன்.

ரேஷன் அரிசியும் போட்டேன், மறைக்கவில்லை.
வண்டு விழுந்த இரண்டு கிலோ,
கழுவிக் கழுவிக் கை சோர்ந்தது.
கோழிகள் முதலில் வண்டைத் தின்றன.
அரிசியைக் கொஞ்சம் யோசித்துத்தான் தொட்டன.

தானியம் மட்டும் போட்டால் முட்டை நிற்கும் என்றாள் டாக்டரம்மா.
கடலைப் பிண்ணாக்கு வாங்க
நான் கடலைக்காரனைக் கட்டியிருக்க வேண்டும்.
உவரியிலிருந்து பைக்கில் வருகிற சூசைநாயகம்
பெட்டியடியில் நொறுங்கிக் கிடக்கும் காரப்பொடியை
இரண்டு முட்டைக்குக் கொட்டிவிட்டுப் போனான்.
அதைக் காயப்போட்டு, இடித்து,
தாராளமாக,
ரொம்பத் தாராளமாகக் கலந்தேன்.
நான்கு முட்டை ஏழானது.
நானும் ஒரு பாட்டை முனகியபடி இலை வெட்டினேன்.

எட்டாம் நாள்
அவித்த முட்டையை ஒரு கடி கடித்தபடியே
தட்டோடு வந்து நின்றாள் ஆவுடைத்தங்கம்.
முட்டை ஒன்றுக்கு மட்டும்
சாமியிடம் தனியாக அனுமதி வாங்கிய சைவக்காரி.
"ஏளா, இது முட்டையா மீனா?
மோந்து பாரு சவத்த."
மோந்தேன்.
உவரிக் கடல் முழுக்க
மஞ்சள் கருவுக்குள் உட்கார்ந்திருந்தது.
பழைய பாக்கி அறுபதையும்
அன்றைக்கே கழித்துக்கொண்டாள்.

இப்போது பொடி ஒரு சிரட்டைதான்,
அதுவும் திங்கள், வியாழன்.
ஏழு ஐந்தானது. வாடை இல்லை.
கிலோ இருபத்தொன்றுக்கு அடங்குகிறது,
கம்பெனி மூட்டை முப்பத்துநான்கு.
முட்டையோடு வைத்துப் பார்த்தால் லாபமா என்று
அட்டையில் இடம் இல்லாததால் போடவில்லை.

நேற்று ராத்திரி ஐப்பசி மழை விட்டதும்
டியூப்லைட்டை மொய்த்தது ஈசல்.
குண்டா நிறையத் தண்ணீர் வைத்தேன்.
விடிய விடிய விழுந்தது.
காலையில் பதினோரு அலகும் தலை நிமிரவில்லை,
குருணை மூட்டையின் கட்டை நான் அவிழ்க்கவில்லை.
நிறுத்துப் பார்க்காமல் போட்டுவிட்டேனே என்று
அப்புறம்தான் உறைத்தது.
தேதி போட்டு, 'ஈசல்' என்று எழுதி,
விலைக்கு நேரே ஒரு கோடு இழுத்தேன்.

ஆவுடைத்தங்கத்திடம் சொல்லவில்லை.