ஆள் கணக்கு

நாகலூர் எஸ்டேட்டில் காலை ஏழரைக்கு
நான்தான் பேர் கூப்பிடுகிறேன்.
காராளன். வந்தாச்சு.
பொன்னுருவி. வந்தாச்சு.
வெள்ளச்சிக்குக் காய்ச்சல்,
பத்தொன்பது வயசு மகள் வந்திருக்கிறாள்.
பழக்கமில்லாத கை, அரை ஆள் என்று போடு
என்கிறார் மேஸ்திரி.
ஒரு ஆள் என்றே எழுதுகிறேன்.

அந்தப் பதிவேட்டில் இல்லாத பெயர் என்னுடையது.

லேயாள்.
பாக்சைட் லாரி ஓட்டிய அப்பா வைத்தது.
இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவளுக்கு
ராகேல் என்று வைத்தபோது
கதையை முழுக்கப் படித்திருந்தாரா?
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
ஓய்வுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்,
அக்காளுக்குக் கூச்சப்பார்வை,
தங்கை அழகி.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கண்ணாடி வந்தது.
சேலம் செர்ரி ரோட்டுக் கடைக்காரர்
ரசீதில் பெயர் எழுதும்போது சிரித்துவிட்டார்,
ஐம்பது ரூபாய் குறைத்தும் கொண்டார்.
அவரும் சபைக்காரர்.

ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
கேசரியை முடித்துவிட்டு
சின்னவள் என்ன படிக்கிறாள் என்றார்கள்.
முக்காட்டுக்குள் ஆள் மாற்றி அனுப்பும் வழக்கம்
எங்கள் பக்கம் இல்லை.
ராகேல் இப்போது ஓசூரில்.
ஞாயிறு தவறாமல் போன் செய்வாள்.

களைத்தவள்.
எபிரெயத்தில் அதுதான் அர்த்தம் என்றார் பாதிரியார்,
ஏதோ மருந்தின் பெயரைச் சொல்வதுபோல.
வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன்.

பிறகொரு ஈஸ்டருக்கு இறையியல் படிக்கும் பெனாயா வந்தான்.
"அக்கா, இன்னொன்றும் சொல்றாங்க" என்று இழுத்தான்.
களிமண் பலகையில் எழுதிய காலத்தில்,
எபிரெயத்துக்கு உறவான மொழியில்
இதே மாதிரி ஒரு சொல் இருந்ததாம்.
"பசுன்னு அர்த்தம். காட்டுப்பசுவாக்கூட இருக்கலாம்.
ராகேல்னா பெண்ணாடு."
அப்பா இருந்திருந்தால்
மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.
ஒரு மாடு, ஒரு ஆடு,
கொட்டகைக்குத்தான் கடன் வாங்கவில்லை.

அங்கே அவள் வெறும் லேயா.
தமிழுக்கு வருகையில் யாரோ
மை தொட்டு
வாலில் ஒரு ள் வைத்தார்.
சாராள், அன்னாள், மார்த்தாள்.
பெண் என்று தெரியட்டும் என்றுதான் வைத்திருப்பார்.
ஆதாரில் அந்த ள் விழவில்லை.
திருத்தப் போனால் இ-சேவைப் பையன்
"ஒரு எழுத்துதானேக்கா" என்கிறான்.

ஒரு எழுத்தா?
எண்பத்தாறு பேருக்கு வாரக்கூலி போடுகிறவளிடமா?
ஆள் என்றால் ஒரு நாள்,
ஒரு கூடைப் பழம், அட்டை கடித்த கால்.
ஆள் என்றால்
ஏவல் வினையும்கூட.
அதை நான் மேஸ்திரியிடம் சொன்னதில்லை.

மார்கழி, பழம் பறிக்கும் மும்முரம்.
கணக்கை முடித்து இறங்கும்போது ஆறு தாண்டிவிட்டது.
மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசையில்
மஞ்சு இறங்கி, கண்ணாடி வெளுத்துப் போனது.
கழற்றித் துடைத்தேன்.
எதிரில் இருந்த பாறை
காதை அசைத்தது.

காட்டெருமை என்பார்கள் இங்கே.
எருமை இல்லை, மாடுதான்.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
மடி கனத்திருந்தது.
ஓடக் கூடாது என்று தெரியும்.
ஓடவும் தெம்பில்லை.
அதற்கும் இல்லைபோல,
நின்ற இடத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
கண்ணாடி இல்லாமல் நான் இடுக்கிப் பார்க்க
அதுவும் பார்த்தது,
கூசாமல்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
காப்பிச் செடிகள் முறிபடும் சத்தம் கேட்டு
மேலிருந்து வாட்ச்மேன் சடையன் ஓடி வந்தார்.
"எத்தனை நின்னுச்சு அம்மா?"

ரெண்டு, என்றேன்.

அவர் டார்ச்சைத் திருப்பித் திருப்பி அடித்து
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.